ஜமீல் ஸ்டோர்ஸில் மணி அடித்த நாள்

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜமீலுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, கடையில் டெலிபோன் இருக்க வேண்டும். இரண்டு, அது இருப்பது ஊருக்கே தெரிய வேண்டும். முதலாவது டெபாசிட் கட்டியதும் நடந்துவிட்டது. இரண்டாவதில்தான் சிக்கல். அன்றைக்குப் போன் இருந்ததெல்லாம் பெரும்பாலும் சர்க்கார் ஆபீஸ்களில். எந்த ஆபீசர் ஒரு மளிகைக்காரனைக் கூப்பிட்டுப் புளி விலை கேட்பார்? கருவாட்டுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் அது புது மாப்பிள்ளை போல விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

டெபாசிட்டாகப் போனது அவன் மனைவி நசீரா தையல் மெஷினுக்குச் சேர்த்த காசு. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

"அடுத்த மெட்ராஸ் கப்பல் வர்றதுக்குள்ள இது ஒரு தடவையாவது அடிக்கணும். இல்லைன்னா திருப்பிக் கொடுத்துட்டு எனக்கு மெஷின் வாங்கித் தாங்க."

ஒற்றைப் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது ஜமீலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரின் இன்னொரு பக்கம் இருந்த மின்னி பே பகுதிக்கு ஓடினான். அங்கே அவன் கூட்டாளி, கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம் வீட்டுக்கு ஒரு மாதம் முன்புதான் போன் வந்திருந்தது. கஞ்சத்தனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"ஒரு தடவை என் கடைக்கு அடிங்க, கான்ட்ராக்டர்."

"அரே பாய், கூப்பிடுறவன் தலையிலதானே சார்ஜ்? நீங்க கூப்பிடுங்க, நான் எடுக்கிறேன். எடுக்கிறது ஃப்ரீ."

"நான் கூப்பிட்டா உங்க வீட்டு மணில்ல அடிக்கும்! என் கடையில அடிக்கணும்!"

"அப்ப சார்ஜை நீங்களே குடுத்துடுங்க."

ஜமீல் கொடுத்தான். தன்னைக் கூப்பிடத் தானே காசு கொடுத்த வியாபாரி அந்தத் தீவுகளில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அப்படியும் மணி அடிக்கவில்லை. காரணம் நசீரா. தினமும் மதியம் ஜமீல் தொழுகைக்குப் போகும்போது கடையில் அவள்தான் இருப்பாள். முதல் நாளே அதே போனில் பன்னீர்செல்வத்தின் மனைவி இந்திராணியைக் கூப்பிட்டாள்.

"கப்பல் வர்றவரைக்கும் உங்க வீட்டுக்காரரைப் போனைத் தொட விடாதே. மெஷின் வந்ததும் முதல் ஜாக்கெட் உனக்குத்தான்."

இந்திராணிக்குச் சிரமமே இல்லை. பேசாமல் இருந்தால் ஜமீல் கொடுத்த காசு மிச்சம் என்று புருஷன் காதில் போட்டாள். கஞ்சனுக்கு அது போதும். ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று கேட்க நசீரா மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாள் சூரை மீன் குழம்பைப் பற்றிக் கேட்டாள். பிறகு கேட்பதற்குக் காரணமே தேவைப்படவில்லை. உள்ளூர் அழைப்புக்கு ஒரு நிமிஷம் பேசினாலும் ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரே சார்ஜ். அதை நசீரா முழுசாக வசூலித்துக்கொண்டாள்.

ஒரு காலையில் துறைமுகப் பக்கம் கப்பலின் சங்கு ஊதியது. ஜமீல் துண்டால் போனைத் துடைத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தோத்துட்டேன், நசீரா. நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

நசீராவின் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை.

அப்போது மணி அடித்தது. ஜமீல் பாய்ந்து எடுத்தான். "ஹலோ! ஜமீல் ஸ்டோர்ஸ்!"

"அக்கா, கப்பல் வந்துருச்சு! நாம ஜெயிச்சுட்டோம்!" என்று இந்திராணி கூவினாள். யார் எடுத்தார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை.

ஜமீல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது. "மெஷினுக்காகத்தானே இவ்வளவும்? கப்பல் வந்தாச்சு. போய் வாங்கிக்க."

நசீரா அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"மெஷின்ல இந்திராணி பேசுவாளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்தாள்.

ஜமீலுக்குக் கோபம் வரவில்லை. அவன் போன் அடித்துவிட்டது. அதை ஊருக்குச் சொல்ல அவன் பஜாருக்குள் நடந்தே போனான்.