சரோஜா அக்காவின் நண்டுக் கடல்

கடல் பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் தயாரித்த வரைபடத்துடன் அன்று போர்ட் கிள்ளான் மீனவர்களைச் சந்தித்தேன். துறைமுகத்தில் தோண்டும் சேற்றைக் கடலில் எங்கே கொட்டுவது என்பதுதான் பேச்சு. அவரவர் வலை போடும் இடத்தை வட்டமிடச் சொன்னேன். வட்டமில்லாத இடத்தில் சேறு விழும்.

நண்டு வலை போடும் சரோஜா அக்கா பேனாவைத் தொடவில்லை.

“காட்டினா நாளைக்கே எல்லா போட்டும் அங்கதான் நிக்கும். வேணாம் லா சார்.”

“காட்டலைன்னா சேறு கொட்டிடுவாங்க அக்கா.”

எதிரே இருந்த செல்வம் பேனாவை எடுத்தார். அவரும் நண்டு பிடிப்பவர். இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை. வரைபடத்தில் அவரே ஒரு வட்டம் போட்டார்.

“உன் வலை மிதவை எங்க ஆடுதுன்னு எங்களுக்குத் தெரியாதா, சரோஜா? நாங்க அங்க வரதில்ல, அவ்வளவுதான்.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை வாங்கி வட்டத்தை இன்னும் பெரிதாக்கினார்.

“அவ்ளோ பெருசு இல்ல லா,” என்றார் செல்வம். ஆனால் அழிக்கவில்லை.

யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்றுதான் அதுவரை கேட்டு வந்தேன். எங்கே போகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. இப்போது அதையும் கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள்.