அரை மணி நேர சீல்

எனக்குப் பொறுமை கம்மி. ஆம்பூர் பக்கத்தில் நான் டாக்டராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை பத்து மணிக்குள் வரிசை கேட்டைத் தாண்டிவிடும். நடங்கள், நடங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வாய் வலித்ததால், பஜாரில் கொடுத்து ஒரு ரப்பர் சீல் செய்துகொண்டேன்: ‘தினமும் அரை மணி நேரம் நடக்கவும்.’ சர்க்கரை, பி.பி., மூட்டுவலி, யார் சீட்டாக இருந்தாலும் டப்பென்று ஒரு குத்து. எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சமயத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். “புத்தி சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய ஒரு நாளைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள்” என்றார் வேலூரிலிருந்து வந்த அம்மையார். என் வரிசையை வந்து பாருங்களேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வடையைத் தின்றேன்.

மறுநாள் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் பெண் ஒருவர் வந்தார். ஒரு வருடமாக மாத்திரை கொடுத்தும் அவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அடுத்து இன்சுலின்தான் என்றேன்.

“ஊசின்னா வேலைய விட்டுடணும் சார். லைன்ல உக்காந்தா எந்திரிக்க வுட மாட்டாங்க” என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் எகிறினேன். “ஏம்மா, நடக்கவே மாட்டீங்களா?”

“நடக்குறேனே சார்.”

புளுகு என்றே நினைத்தேன். சீலை எடுக்கப் போனவன், சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று, “காலையில எந்திரிக்கிறதுல இருந்து சொல்லுங்க” என்றேன்.

“ஆறரைக்குக் கம்பெனி வேன். அதுக்குள்ள சமைக்கணும். முன்னாடி நாலு மணிக்கு எந்திரிப்பேன். நீங்க நடக்கச் சொன்னதுல இருந்து மூணு மணி. ரோட்ல நாய்ங்க பேஜார், அதான் மொட்டை மாடியிலயே சுத்துறேன். அப்புறம் நாள் பூரா மெஷின்ல உக்காந்துதான். படுக்கப் பதினொண்ணு ஆயிடும்.”

நான்கு மணி நேரத் தூக்கம். ஒரு நாள்கூடத் தவறவில்லையாம். அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும் என்பது தெரியாமலா டாக்டருக்குப் படித்தேன்? அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“இனிமே மாடிக்குப் போவாதீங்க. அந்த நேரத்துல தூங்குங்க.”

“இன்னா சார், டாக்டரே நடக்க வேணாம்ன்றீங்க?”

வேறு வழியை இருவரும் சேர்ந்து யோசித்தோம். மதியம் சாப்பிட்டதும் கம்பெனிக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பது. தைக்க வேண்டிய தோல் துண்டுகளை ஹெல்பர் கொண்டுவரும்வரை காத்திராமல், தானே எழுந்து போய் எடுத்துவருவது; இது அவர் சொன்ன யோசனை. சூப்பர்வைசர் கத்தினால் காட்டுவதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையைக் கொஞ்சம் மாற்றி, ஊசியைத் தள்ளிவைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“சார், ஞாயித்துக்கெழம ஏழு மணி வரைக்கும் தூங்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”