மூன்றாம் பலகையில் விழுந்த கொடி

15.9.2001, சனி.

இன்றைய தவறு: எதிராளி கடிகாரத்தை அழுத்த மறந்ததைப் பார்த்தும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் தவறுதான்.

கீழே இருப்பதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. டைப்ரைட்டிங் மாலை வகுப்புக்குப் போகாமல், நினைவு மங்குவதற்குள் எழுதுகிறேன்.

தேனியில் ஒரு கல்யாண மண்டபம். மாவட்டச் சதுரங்கப் போட்டி, முதல் சுற்று. முதல் மூவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வயது வரம்பால் எனக்கு இதுவே கடைசி வாய்ப்பு. எனக்கு மூன்றாம் பலகை. எதிராளி சுருளிவேல், ஊர் தேவாரம். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

2.30. எதிர் நாற்காலி காலி. ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். சி4. அவர் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

2.41. நிமிர்ந்தபோது உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், தெரியவில்லை. மெலிந்த முகம். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"ஓரமா வர்றீக... நடுவுல வரப் பயமாண்ணே?" என்று சிரித்தார்.

மரக் காய்கள். நான் வைத்தால் 'டக்'. அவர் வைத்தால்... சத்தமே இல்லை. நகர்த்தல்களை எழுதும் என் தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அவர் தாள் அசையவில்லை.

கடிகாரத்தை அவர் தொடவே இல்லை. அவர் நேரம் மட்டும் ஓடியது.

3.24. என் ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டார்.

3.29. தப்ப வழி தெரியவில்லை.

3.30. நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்புக் கொடி அவர் பக்கம் விழுந்தது. கை தூக்கினேன்.

நடுவர் ராஜமணி வந்தார். "ஒரு மணி நேரம் ஆச்சு, ஆளு வரல. புள்ளி உனக்குத்தேன். ஏலே, இம்புட்டு நேரமும் ரெண்டு பக்கமும் நீயே ஆடிக்கிட்டு இருந்தியாக்கும்?"

எதிரே பார்த்தேன்.

நாற்காலி...

காலி.

அவர் தாள் மட்டும் இருந்தது. அது என் கையெழுத்து இல்லை. நகர்த்தும் முன்பே எழுதி வைக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. ஆடாத 24ஆம் நகர்த்தலையும் எழுதியிருந்தார். பலகையில் வைத்துப் பார்த்தேன்.

மேட். என் ராஜா செத்தது.

5.10. அவர் விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு பூத்திலிருந்து பேசினேன். அவர் தங்கை மகாலட்சுமி எடுத்தார்.

"அண்ணன் ஆடி மாசமே மஞ்சக்காமாலையில போயிட்டாக. ஒருதடவையாச்சும் போட்டியில ஆடணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக. லிஸ்ட்ல பேராச்சும் வரட்டும்னு நாந்தேன் எழுதிப் போட்டேன்... பேரு வந்துச்சாண்ணே?"

"வந்துச்சும்மா."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நாளை: காலை 8.30க்கு நடுவரிடம் போய், அந்தப் புள்ளி எனக்கு வேண்டாம், ஜெயித்தது சுருளிவேல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தேவாரம் பஸ். தாளை மகாலட்சுமியிடம் சேர்க்க வேண்டும்.