அமாவாசையன்று கேட்ட கேள்வி

அமாவாசை காலையில் எங்கள் தெருவில் காக்கை கத்துவது தெளிவாகக் கேட்கும். மற்ற நாளில் தறிச் சத்தம் அதை அமுக்கிவிடும். அன்று தறிக்கு லீவு... வீட்டுக்கு வீடு வடை வாசம், தலைக்குக் குளித்த ஈரம்.

அப்படி ஒரு அமாவாசையில்தான் கையில் ஒரு கட்டுப் பேப்பரோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்போது இங்கிலாந்தில் பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காஞ்சிபுரம் நெசவாளர்களுக்கு வரும் முதுகுவலி, முழங்கால் வலிதான் என் தீசிஸ். வேலை நாளில் தறியிலிருந்து எழுப்பினால் திட்டுவார்கள், அமாவாசையில் எல்லோரும் வீட்டில் சும்மா இருப்பார்கள் என்று நாள் பார்த்தேன். ரொம்ப புத்திசாலி என்று நினைப்பு!

"இன்னிக்கு உடம்புல எங்கனா வலி இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லமா. நீ வடை சாப்ட்டு போ."

எல்லா வீட்டிலும் இதே பதில். கடைசியாக அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னாமா... நல்லாதான் இருக்கேன்."

சாயந்திரம் பேப்பரைப் புரட்டினால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வலியே இல்லை. சந்தோஷமாக கைடு மேடத்துக்கு மெயில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது. அன்று அவர்கள் எத்தனை மணி நேரம் நெய்தார்கள் என்று கேட்டிருந்தார்.

தறி நின்ற நாளில் தறி வலியைக் கேட்ட நெசவாளி மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பிப் போக நாலு நாள்தான் இருந்தது. சரியான பதில்கள் இல்லாமல் போனால் தீசிஸ் இல்லை, டிகிரியும் இல்லை.

மறுநாள் மாலை, காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியிலிருந்து அப்பா ஏறினார். தினமும் ஏறுவதுதான்... அன்றுதான் பார்த்தேன். இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, ஒரு காலை மேலே தூக்கிப் போட்டு, அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதாபா?"

"நாள் பூரா உக்காந்துக்கினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தீசிஸுக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டிலேயே வளர்ந்தவள், கையில் பேப்பர் இல்லாமல் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

மிச்ச நாட்களில் தறியை விட்டு எழுகிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். "அன்னிக்கே கேட்டுக்கினு போனியே, மறுபடியும் இன்னாமா?" என்று சிரித்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே பதிலும் சொன்னார்கள். தீசிஸ் பாஸாகிவிட்டது.

இப்போது இங்கிலாந்திலேயே வேலை. அன்று கூப்பிடு தூரத்தில் இருந்த அப்பா இன்று போன் திரைக்குள் இருக்கிறார். அமாவாசை என்றால் அவரே கால் பண்ணுவார், லீவு ஆயிற்றே. "நல்லாதான் இருக்கேன்மா" என்பார். சரிபா என்று வைத்துவிடுவேன்.

மறுநாள் என் லஞ்ச் பிரேக்கில் நான் பண்ணுவேன். அங்கே அவர் தறியிலிருந்து எழுகிற நேரம்.

ரிங் போய்க்கொண்டே இருக்கும்... உடனே எடுக்க மாட்டார்.

கட் பண்ணாமல் காத்திருப்பேன். மெதுவாக ஏறட்டும்.