நான் கொண்டுபோன ஓடிக்கலோன்

ஓடிக்கலோன் வாசம் எங்கே வந்தாலும், பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ, களவெடுத்துப் பிடிபட்டவள்போல என் முகம் மாறிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பேபி சோப்பும் பவுடரும் ஒரு போத்தல் ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீரும் கொண்டுபோவார்கள். அதையே கையில் தேய்த்துக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவார்கள். பருத்தித்துறையில் என் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நானும் போனேன். வந்து சேர்ந்தவற்றில் என் போத்தல்தான் பெரியது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒற்றை அறை, தகரக் கூரை. அந்த வெக்கையில் பத்து நாள் பிள்ளை தொப்பி, கையுறை, காலுறை, இரண்டு துவாய் என்று தபால் பொதிபோலக் கிடந்தது. மார்பருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டது.

"என்ரை பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லை அக்கா," என்றாள் அவள். கரையில் மீன்வாடியில் இறால் உரித்தவள். "இறால் மணம் இன்னும் போகேல்லைப் போல."

வேலைக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்குமுன் கழுத்திலும் நெஞ்சிலும் ஓடிக்கலோன் பூசினாள். ஊற்றிக் கொடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை குடும்பநல மருத்துவமாது ஸ்கூட்டியில் வந்து பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார். முள் முந்திய தடவையைவிடக் கீழே நின்றது.

"திங்கள் வருவன். அப்பவும் ஏறாட்டி வார்ட்டுக்குத்தான்," என்றவர் மூக்கைச் சுருக்கினார். "இதென்ன மணம்?"

அவள் இறால் கதையைச் சொன்னாள்.

"உனக்கென்ன விசரே? அவன் உன்னை மூக்காலை எல்லோ தேடுறான்! அம்மாவைக் காணேல்லை எண்டு கத்துறான்."

வெறும் தண்ணீரில் அவளைக் கழுவிவரச் சொன்னார். வெங்காயம்போலப் பிள்ளையை உரித்து, அவளுடைய வெற்று நெஞ்சில் கவிழ்த்துப்போட்டு, மேலே ஒரு சேலையால் மூடினார். சின்ன மூக்கு அங்கே உரசியது, இங்கே உரசியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு தோணி கரை ஏறுவதுபோல அசைந்து அசைந்து,

"ஆ! பிடிச்சிட்டான் மிஸ்!" என்று கத்தினாள் அவள்.

வெளியே நின்ற புருஷன் பதறிப்போனான். "என்ன, என்ன நடந்தது?"

"உன்ரை மகன் சாப்பிடுறான். சத்தம் போடாதை!"

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே முகத்தில் செய்தாள். நான் என் போத்தலைப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் மெதுவாகத் தள்ளினேன்.

திங்கள் தராசு முள் மேலே போனது. கடலில் மீன்பிடித்துவிட்டு வந்த புருஷன் தலையைச் சொறிந்தான்.

"நானும் அப்பிடி நெஞ்சிலை போடலாமோ மிஸ்? மீன் மணக்குமே?"

"நல்லாக் குளிச்சிட்டுப் போடு. அதுக்குப் பிறகும் மணந்தால், அது தகப்பன்ரை மணம்."

ஸ்கூட்டியில் ஏறியவர் என் பக்கம் திரும்பினார். "ஆர் கொண்டுவந்த போத்தல் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. இனிப் பிள்ளை பார்க்கப் போகேக்கை ரெண்டு தேங்காய் கொண்டுபோங்கோ. தாய்க்குப் பால் பிழிஞ்சு சொதி வைக்கலாம்."

"தேங்காய் விக்கிற விலைக்கோ?"

"அப்ப ஒண்டு கொண்டுபோங்கோ!"