ரேகையண்ணன்

யாராவது கை நீட்டினால் அப்பா குலுக்குவதில்லை, திருப்பிப் பார்க்கிறார். போன வாரம் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கும் இதேதான் நடந்தது. அவர் நீட்டிய கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஐந்து விரல் நுனிகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, “முன்னாடி கொத்து வேலை பாத்தீங்களா?” என்றார்.

“ஆமாங்க. போன வருஷம்தான் விட்டேன். எப்படிங்க தெரியும்?”

“சிமென்டு ரேகையைத் தின்னுடும். உங்களுக்கு இப்பத்தான் மறுபடி துளிர் விட்டிருக்கு. நல்லா வரும், கவலைப்படாதீங்க.”

அந்த மனிதர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே போனார். குழாய் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா முப்பத்தொரு வருடம் காவல் துறையில் இருந்தவர். துப்பாக்கியால் சுட்டதில்லை. யாரையும் துரத்தி ஓடியதுமில்லை; ஓடியிருந்தாலும் அவருக்கு முன்னால் அவருடைய தொப்பைதான் போய்ச் சேர்ந்திருக்கும். பிடிபட்டு வருகிறவர்களின் பத்து விரல்களையும் மையில் உருட்டித் தாளில் பதிப்பது அவருடைய வேலை. ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு ரப்பர் உருளை, ஒரு குழாய் கறுப்பு மை, மண்ணெண்ணெயில் நனைத்த துணி. இவ்வளவையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போய் வருவார். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் அவர் பதித்த தாள் ஒன்றுகூட, ‘கலங்கியிருக்கிறது, மறுபடி எடுக்கவும்’ என்று தலைமையிடத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. எங்கள் ஊரில் பந்தயத்தில் கோப்பை வென்றவர்கள்கூட அதைப் பற்றி அப்பா அளவுக்குப் பேச மாட்டார்கள்.

விரல் பதிப்பதில் பெரிய தொல்லை, ஆள் பயத்தில் விறைத்துக்கொள்வது. விரல் தானாகக் கொஞ்சம் அழுத்தினாலும் மை அப்பிவிடும். அதற்கு அப்பாவிடம் ஒரு மந்திரம் உண்டு. அடிதடி ஆளோ, ஆடு திருடியவனோ, எல்லோருக்கும் அதே குரல்: “விரலைத் தளர விடுப்பா. நீ ஒண்ணும் செய்யாத. நான் பாத்துக்கறேன். என்னைப் பாக்காத, அந்த ஜன்னலைப் பாரு.” திருடர்கள் அவரை ரேகையண்ணன் என்று கூப்பிட்டார்கள். நிலையத்துக்குள் வந்ததும், “அண்ணன் இல்லையா இன்னைக்கு?” என்று விசாரிக்கிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

வீட்டிலும் சட்டம் ஒழுங்கு அவர் கையில்தான். டப்பாவில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போனால் மூடியின் மேல் டார்ச் அடித்து என் ரேகையைத் தேடுவார். அதற்குள் அம்மா முந்தானையால் மூடியைத் துடைத்து வைத்திருப்பார். “தடயத்தை அழிச்சாச்சு. வீட்டுக்குள்ளயே கூட்டாளி” என்று அப்பா டார்ச்சை அணைப்பார்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என் பத்து விரல்களையும் பதித்து, தேதி போட்டு, கோப்பில் கட்டி வைப்பார். “ஏங்க, பெத்த பிள்ளையை வருஷா வருஷம் பதிவு பண்றீங்களே, அவன் என்ன கேடியா?” என்று அம்மா கேட்டால், “ரேகை மாறாதுடி. அதுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் விரியும். என் பையன் எவ்வளவு வளந்தான்னு எனக்கு அதுல தெரியும்” என்பார். மற்ற வீடுகளில் கதவு நிலையில் கோடு கிழிப்பார்கள். எங்கள் வீட்டில் லென்ஸ் வேண்டும்.

இருபத்தொரு தாள் சேர்ந்திருந்தபோது என் பட்டச் சான்றிதழ் தபாலில் வந்தது. எங்கள் வம்சத்தில் எவருமே கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு நில அளவை அலுவலகத்தில் அசல் சான்றிதழைக் காட்டினால் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் காட்டிய கையோடு பேருந்தேறி, நேராக அப்பாவின் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

அப்பா ஒரு பிக்பாக்கெட்டின் ஏழாவது விரலில் இருந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் அந்த விரலை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்தார்.

“அண்ணே, கை…” என்று பிக்பாக்கெட் ஆரம்பித்தார். அதற்குள் அப்பா சான்றிதழை வாங்கிவிட்டார்.

என் பெயருக்குக் கீழே, பல்கலைக்கழக முத்திரைக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு பெருவிரல்.

பிக்பாக்கெட் மை படிந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, “நான் தொடலீங்க. எல்லாரும் பாத்துக்குங்க, நான் தொடவே இல்ல” என்றார்.

அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “ஆனா கிளியரா விழுந்திருக்குடா” என்றார். அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நில அளவை அலுவலகம் அனுப்பிய நேர்காணல் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: அசல் சான்றிதழில் அடித்தலோ திருத்தலோ கறையோ இருந்தால் நிராகரிக்கப்படும். வீட்டில் அம்மா ரப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா குறுக்கே நின்றார். “அழிச்சா அதுதான் திருத்தல். செஞ்சவன் வந்து ஒத்துக்கிட்டா கேஸ் வேற.”

மறுநாள் சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின்னோடு என்னுடன் வந்தார். எனக்கு ஒரே வெள்ளைச் சட்டை. அதை அம்மா இரண்டு முறை தேய்த்திருந்தார். நில அளவை அலுவலகத்தில் போலீஸ் நுழைந்ததும் நாலைந்து மேசை இழுப்பறைகள் படபடவென்று மூடிக்கொண்டன. மூக்குக் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்பா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். “அம்மா, குற்றவாளி நான்தான்.”

விஷயம் முழுவதையும் கேட்டு முடித்தபோது அதிகாரியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. “இது உங்க விரல்தான்னு நான் எப்படி நம்புறது? இதைக் கடனுக்கு ஈடு வச்சு வேற யாரோ கைநாட்டு போட்டதுன்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா?”

“இங்கயே பதிச்சுத் தர்றேம்மா. ஒப்பிட்டுப் பாருங்க.” டின்னைத் திறந்து, லென்ஸை அவர் பக்கம் தள்ளி, மையைப் பரப்பி, தன் பெருவிரலை வெள்ளைத் தாளில் உருட்டினார்.

அப்பிவிட்டது.

“இருங்கம்மா.” மறுபடி உருட்டினார். மறுபடியும் கரிக்கட்டை. இருபத்தொரு வருடத்தில் நான் பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன்: அப்பாவின் விரல் பயத்தில் விறைத்துக்கொண்டிருந்தது. துடைத்துத் துடைத்து உள்ளங்கை முழுக்க மை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் பதினாறு பேர்.

நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். துணியால் விரலைத் துடைத்தேன். இருபத்தொரு பிறந்தநாள் பாடம், மறக்குமா? “அப்பா, விரலைத் தளர விடுங்க” என்றேன். “நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. நான் பாத்துக்கறேன். அந்த ஜன்னலைப் பாருங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். விரல் என் கையில் கனமாக வந்து விழுந்தது. நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே உருட்டு.

அதிகாரி லென்ஸைக் குனிந்து பிடித்து, உதடு அசையக் கோடுகளை எண்ணினார். சான்றிதழையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை என் கோப்பில் சேர்த்துக் குத்தி, ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரையை ஓங்கிப் பதித்தார். “நல்லாத்தான் உருட்டுறே. திங்கட்கிழமை வந்து சேரு.”

அப்பா என்னை நோக்கிப் பாய்ந்தார். அரை அடி தூரத்தில், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சட்டென்று நின்றார். பிறகு மை படிந்த இரண்டு கைகளையும் அந்தப் பிக்பாக்கெட்டைப் போலவே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, முழங்கைகளால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.