தாடைப் பட்டை

புகழேந்தி இதுவரை நாற்பத்தேழு முறை செத்திருக்கிறான். சரியாகச் சொல்ல என்னால்தான் முடியும். கோடம்பாக்கத்தில் படங்களுக்கு உடை வாடகைக்கு விடும் கடையில் ராணுவ உடைகளெல்லாம் என் பொறுப்பு. படப்பிடிப்பு முடிந்து திரும்பி வரும் தொப்பிகளில் செத்தவர்களின் தொப்பிதான் அதிகம் நாறும். பாவம், வெயிலில் வெகுநேரம் கிடப்பார்கள். அதை அலசிக் காயவைப்பது நான்.

புகழேந்தி கூட்டத்தில் ஒருவனாக வரும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், ஐம்பத்தெட்டு வயது. சினிமாவில் நடிக்கிறேன் என்று சொல்லித்தான் ஜானுவைக் கல்யாணம் செய்துகொண்டான். பொய்யில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அவன் முகம் திரையில் ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. ஜானு ரங்கநாதன் தெருக் கடை ஒன்றுக்கு ஜாக்கெட் ஹூக் கட்டிக் கொடுப்பவள். அவன் இருக்கும் படம் வந்தால் முதல் வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் உலை வைப்பாள். படம் எப்படி என்றால் "பரவால்ல" என்பாள். உன்னைப் பார்த்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

என்னிடம்தான் புலம்புவான். "ஒரே ஒரு தபா மச்சி. அவ கண்ணுக்கு என் மூஞ்சி தெரிஞ்சா போதும்."

இதில் அவன் மேல் குற்றமில்லை, தொப்பிகளின் மேல்தான். ஆரம்பத்தில் ராஜா காலத்துப் படங்களுக்குப் போனான். தலைப்பாகையில் முகம் முழுசாகத் தெரியும். ஆனால் கூடவே ஒட்டு மீசையும் தாடியும் வைத்து, ஐந்நூறு பேரையும் ஒரே ஆளாக ஆக்கிவிடுவோம். அடுத்து வெள்ளைக்காரன் காலம். சிவப்புக் கோட்டு, வாளி உயரத்துக்கு ஒரு தொப்பி. அது விழாமல் இருக்கக் குனிந்துகொண்டேதான் ஓட வேண்டும். உலகப் போர்ப் படங்களில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி இரும்புத் தொப்பி, நிழல் மூக்கு வரை விழும். அப்புறம் நம் ராணுவத்து ஹெல்மெட் காதை மூடியது, கன்னத்தை மூடியது. இப்போது வருவதில் கறுப்பு முகமூடி, கண்ணாடி, நெற்றியில் பைனாகுலர் மாதிரி ஏதோ ஒன்று. உள்ளே இருப்பது புகழேந்தியா பூசணிக்காயா என்று பெற்றவளுக்கே தெரியாது. விஞ்ஞானம் வளர வளர அவன் மூஞ்சி குறைந்துகொண்டே வந்தது.

ஹீரோ மட்டும் எந்தக் காலத்திலும் ஹெல்மெட் போட மாட்டார். குண்டுமழைக்கு நடுவில் தலைமுடி பறக்க நடந்து வருவார். போட்டவன் சாவான், போடாதவன் பிழைப்பான் என்பது எங்கள் தொழிலில் சட்டம். அது மண்டையில் ஏறியதாலோ என்னவோ, புகழேந்தி தன் மொபெட்டில் போகும்போதும் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் போவான். போலீஸ்காரர் தெரிந்தால் மட்டும் அது தலைக்கு ஏறும்.

முகத்தைக் காட்ட அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தாடைப் பட்டையைப் பூட்டாமல் விட்டால், குண்டு பட்டு விழும்போது ஹெல்மெட் கழன்று உருளும். ஒரு நொடி முகம் தெரியும். ஏழெட்டுப் படங்களில் செய்து பார்த்தான். ஹெல்மெட் அழகாக உருண்டது. கேமராவும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

போன வருஷம் எல்லைப் போர்ப் படம் ஒன்று வந்தது. ஆலோசகராக ஓய்வுபெற்ற சுபேதார் உமர் ஃபாரூக்கைக் கூட்டி வந்தார்கள். ஆம்பூர் பக்கத்துக்காரர், அசல் சிப்பாய். எங்கள் கடைக்கு வந்து தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் மாதிரி குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பழைய இரும்பு ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல நாங்க முட்டை அவிச்சிருக்கோம் தம்பி. ஷேவிங் தண்ணி, துணி ஊறவெக்கிறது, எல்லாம் இதுலதான். முடிஞ்ச வரைக்கும் தலையில வெக்க மாட்டோம். கழுத்து போயிடும். அப்புறம் ஃபைபர்ல குடுத்தாங்க. முட்டை அவிக்க முடியலன்னு அதையும் திட்டினோம்."

"அப்போ எதுதான் சார் பிடிச்சுது?"

கம்பளியில் செய்த, ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் பச்சைப் பெரே தொப்பியை எடுத்தார். "இதுதான். புதுசா குடுத்ததும் வெந்நீர்ல முக்கி, ஈரத்தோட தலையில வெச்சு, காயற வரைக்கும் கழட்டாம உக்காந்திருப்போம். அப்பதான் நம்ம மண்டைக்கு அமையும். வேற எவனாவது தொட்டா அடிதடிதான். ஒரு குண்டையும் தடுக்காது. ஆனா இதுமேலதான் உசிரு."

படப்பிடிப்பு ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு மணல்மேட்டில் நடந்தது. உடைகளோடு நானும் போயிருந்தேன். உதவி டைரக்டர் வந்து, இந்த ஷாட்டில் கேமரா புகழேந்தி மேலேயே நிற்கும், கடைசி மூச்சு வரை நகராது என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. முகமூடி தொலையாமல் இருக்கட்டும் என்று அதையும் கண்ணாடியையும் நான் ஹெல்மெட்டோடு சேர்த்துத் தைத்திருந்தேன். ஹெல்மெட் கழன்றால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். புகழேந்தி பட்டையை அவிழ்த்துவிட்டுத் தயாராக நின்றான்.

சுபேதார் வரிசையாக வந்து ஒவ்வொருவர் பட்டையையும் தன் கையாலேயே பூட்டினார். அவர் நகர்ந்ததும் புகழேந்தி அவிழ்த்தான். திரும்பி வந்து பூட்டினார். மறுபடியும் அவிழ்த்தான். மூன்றாவது முறை அவர் வந்தபோது அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா சார் நீ! இது பிளாஸ்டிக்கு. குண்டும் டூப்பு. பூட்னா இன்னா, பூட்டாட்டி இன்னா?"

சுபேதார் பட்டையை இழுத்துக்கொண்டே சொன்னார். "என் செக்ஷன்ல ஒருத்தன் கேட்டான். தாடை அரிக்குது சார், அஞ்சு நிமிஷம் கழட்டிக்கட்டுமான்னு. எனக்கும் அரிச்சுது. சரின்னுட்டேன்."

பட்டையைப் பூட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

புகழேந்தி அதைத் தொடவில்லை. ஷாட் எடுத்தார்கள். விழுந்தான். ஹெல்மெட் அசையவே இல்லை. கேமரா ஒரு கறுப்பு முகமூடியைக் கடைசி மூச்சு வரை காட்டியது. வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. முகமூடியில் மூக்கைத் துடைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

பொங்கலுக்குப் படம் வந்தது. இந்த முறை ஜானுவோடு தானும் போவது, அந்த இடம் வந்ததும் விரலை நீட்டி இதுதான் நான் என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். தனியாகத் தாங்காது என்று என்னையும் வடபழனித் தியேட்டருக்கு இழுத்துப் போனான்.

திரையில் நாற்பது முகமூடிகள் மணலில் ஓடின. மாட்டிவிட்ட எனக்கே யார் எவன் என்று தெரியவில்லை. திடீரென்று ஜானு அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் விழுந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாச்சு?" என்றான்.

"நீதான அது."

நீட்டப் போன விரல் பாதியில் நின்றது. "உனக்கு எப்டித் தெரியும்?"

"விழறதுக்கு முன்னாடி லுங்கிய சேத்துப் புடிச்சிக்கினுதான விழற? எல்லாப் படத்துலயும் அப்டித்தான். எந்த மிலிட்ரிக்காரன் லுங்கிய புடிச்சிக்கினு சாவான்?"

கேமரா இன்னும் அவன் மேல்தான் நின்றது. பார்த்தேன். ராணுவப் பேண்ட்டுக்கு மேல், தொடையோரம், இல்லாத லுங்கியை இடது கை திரட்டிப் பிடித்திருந்தது. நாற்பத்தேழு சாவுக்கு உடை கொடுத்த நான் இதைக் கவனித்ததில்லை. சுபேதாரும் கவனிக்கவில்லை.

"அப்போ எல்லாத்துலயும் என்னைப் பாத்துக்கினுதான் இருந்தியா?"

"பின்ன?"

"ஒரு வார்த்த சொல்லலியே, ஜானு."

"இன்னான்னு சொல்றது? நல்லா செத்தய்யான்னா? பாத்துட்டு பதறிக்கினு ஊட்டுக்கு வந்தா, நீ பாட்டுக்கு டிவி முன்னால உக்காந்துக்கினு இருப்ப. உசுரோட கீறன்னு போய் உலை வெப்பேன்."

பின்வரிசையில் யாரோ சும்மா இருங்கள் என்று அதட்டினார்கள். திரையில் ஹீரோ தலைமுடி பறக்க வந்துகொண்டிருந்தார். ஜானு கடைசி வரை அவன் மணிக்கட்டை விடவில்லை.

படம் விட்டதும் வெளியே வந்தோம். ஜானு மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். புகழேந்தி முழங்கையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தான். பட்டையை இழுத்துப் பூட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தான். அங்கிருந்து அவன் வீடு வரைக்கும் எந்த முனையிலும் போலீஸ் நிற்பதில்லை.